உடம்பு தயார்... உள்ளே யார்?

விடிய இன்னும் நேரம் இருக்கிறது. வெளியே கர்க்கடக மழை. கேரளத்தின் செறுதுருத்தியில், கலாமண்டலத்துக் கதகளிக் களரிக்குள் பையன்கள் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கண்ணில் நெய் தடவியாயிற்று. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் இமைகளை விரித்துப் பிடித்திருக்க, கருவிழி மட்டும் நகர்கிறது. மேலே, கீழே, இடம், வலம், மூலைக்கு மூலை, அப்புறம் வட்டம். முதலில் ஆமை வேகம், பிறகு இரட்டிப்பு, அதற்கும் மேல் ஒரு வேகம். தலை துளியும் அசையக் கூடாது. அது முடிந்தால் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குதிப்பு, அடவு. அடுத்து பாயில் குப்புறப் படுக்க வேண்டும். ஆசான் ஒரு பிடிமானத்தில் தொங்கியபடி தன் பாதத்தால் முதுகையும் தொடையையும் அழுத்தி நீவுகிறார். விரித்த கால்களோடு இடுப்பு தரையில் படியும்வரை விடமாட்டார். பல்லைக் கடிக்கிற பையனும் உண்டு, அழுகிற பையனும் உண்டு.

பாத்திரம், உணர்ச்சி, சோகம் என்ற பேச்சே அங்கே இன்னும் எழவில்லை. ஆனால் இவர்களில் ஒருவர் பல வருடம் கழித்து, வெறும் மேடையில் உட்கார்ந்து ஒரு தாமரையைக் கண்ணால் தேடும்போது, எதிரே இருப்பவர்களுக்குக் குளம் தெரியும்.

எப்படி? நடிப்புக் கல்வியில் நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கிற வழக்கு இதுதான். உடம்பைப் பழக்கினால் உள்ளே இருக்கிற கற்பனை விழிக்குமா? இல்லை, மனசைக் கிளறினால் உடம்பு தானாகப் பின்னால் வருமா? இன்று இந்த வழக்கு கோடம்பாக்கத்துக்கும் வந்துவிட்டது. பட பூஜைக்கு முன்பே 'ஒர்க்‌ஷாப்' நடக்கிறது. பேட்டிகளில் ஹீரோ தன் டயட்டைச் சொல்கிறார், ஹீரோயின் சிலம்பம் கற்ற கதையைச் சொல்கிறார். தெருவுக்குத் தெரு நடிப்புப் பயிற்சிப் போஸ்டர். 'பத்தே நாளில் நடிகர் ஆகலாம்' என்று ஒரு சுவரில் பார்த்தேன். பக்கத்திலேயே 'முப்பது நாளில் ஆங்கிலம்'. ஆங்கிலக்காரர் நேர்மையானவர், இருபது நாள் கூடுதலாகக் கேட்கிறார்.

சிக்ஸ் பேக் நடிக்காது

2008-ல் 'வாரணம் ஆயிரம்' வந்தபோது சூர்யாவின் வயிற்றுக் கட்டுகளைப் பற்றித் தமிழ்நாடே பேசியது. 2015-ல் 'ஐ' படத்துக்காக விக்ரம் ஏற்றி இறக்கிய உடம்பு அடுத்த பேச்சு. இருவரும் நல்ல நடிகர்கள்; அந்தப் படங்களில் அவர்கள் உடம்பை மட்டும் காட்டவில்லை. ஆனால் பின்னால் வந்த கூட்டம் எடுத்துக்கொண்டது உடம்பை மட்டும்தான்.

ஜிம் உடம்புக்கும் நடிக உடம்புக்கும் எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். கட்டுகள் கேமராவில் தெரிய வேண்டுமானால் வயிற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டும். வயிறு இறுகினால் உதரவிதானம் கீழே இறங்க இடமில்லை. மூச்சு மேல்நெஞ்சுக்கு ஏறிவிடும். தோள் தூக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், குரல் மெலியும். அம்மா இறந்த செய்தியைக் கேட்கிற காட்சியிலும் அந்த வயிறு தளராது. தளராத வயிற்றில் அழுகை எங்கிருந்து புறப்படும்? கிளிசரின் புட்டியிலிருந்துதான். இதில் சிலர் சட்டையைக் கழற்றுகிற காட்சிக்காகத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு வேறு வருகிறார்கள். வாய் உலர்ந்தவர் வசனம் பேசுவதைக் கேட்டவர்களுக்கு மேலே விளக்க வேண்டாம்.

மறுபக்கம், 2021-ல் வந்த 'சார்பட்டா பரம்பரை'. ஆர்யா குத்துச்சண்டை கற்றுக்கொண்டு வந்தார். அந்த உழைப்பு திரையில் தெரிந்தது. ஆனால் படம் முடிந்து பல மாதம் கழித்தும் ஜனங்கள் பேசிக்கொண்டிருந்தது இன்னும் இரண்டு உடம்புகளைப் பற்றி. ஒன்று, ரங்கன் வாத்தியாராக வந்த பசுபதி. பெரும்பாலும் வளையத்துக்கு வெளியேதான் நிற்கிறார். ஆனாலும் இந்த ஆள் ஒரு காலத்தில் உள்ளே நின்றவர் என்பதை அவர் பாதம் ஊன்றுகிற விதமே சொல்லிவிடுகிறது. இன்னொன்று, 'டான்ஸிங் ரோஸ்' ஷபீர் கல்லரக்கல். படத்தில் கொஞ்ச நேரம்தான் வருகிறார். அவர் தோளும் இடுப்பும் எதிராளியைக் கிண்டல் செய்தன. இருவரும் நாடக மேடையில் பழகி வந்தவர்கள் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்பா சாகவே இல்லை!

பழைய கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1898-ல் மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கிய ஸ்தனிஸ்லாவ்ஸ்கி முதலில் உள்ளேயிருந்து வெளியே போனார். நடிகர் தன் வாழ்க்கையில் பட்ட துக்கத்தை நினைவுகூர வேண்டும், அது பாத்திரத்தின் துக்கமாகும் என்றார். 1912-ல் அவர் தொடங்கிய பயிற்சிக்கூடத்தில் இளைஞர் ஒருவர், அப்பாவின் இறுதிச் சடங்கை நினைத்து நடித்துக் காட்டினாராம். பார்த்தவர்கள் உருகிப்போனார்கள். ஸ்தனிஸ்லாவ்ஸ்கி கட்டிப்பிடித்துப் பாராட்டினார். அப்புறம்தான் தெரிந்தது, அப்பா உயிரோடு சௌக்கியமாக இருக்கிறார்! அளவு மீறிய கற்பனைக்காக இளைஞரை வகுப்பிலிருந்து வெளியேற்றினார்கள் என்று நாடக உலகில் இன்றும் சொல்வார்கள். அந்த இளைஞர் மிகைல் செகாவ்; எழுத்தாளர் ஆன்டன் செகாவின் அண்ணன் மகன்.

செகாவ் சொல்ல வந்தது எளிய விஷயம். நடந்த துக்கம்தான் வேண்டும் என்றால், சோகம் நேராத இருபது வயதுப் பையன் எதை வைத்து நடிப்பான்? கற்பனைக்கு எதற்கு வேலை? பின்னாளில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பாத்திரத்தின் ஆசை முழுவதையும் தலை முதல் கால் வரை ஒரே ஒரு அசைவாகச் செய்து பார்க்க வேண்டும். பேராசைக்காரன் என்றால் இரு கையாலும் எல்லாவற்றையும் வாரித் தன் பக்கம் இழுப்பது மாதிரி. அதை முழு உடம்போடு பல முறை செய்துவிட்டு, மேடையில் வெளியே காட்டாமல் உள்ளே வைத்துக்கொண்டு வசனம் பேச வேண்டும். அமெரிக்காவுக்குப் போன செகாவிடம் மர்லின் மன்றோவும் ஆன்டனி க்வின்னும் படித்தார்கள்.

ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் கடைசிக் காலத்தில் மாறினார். உணர்ச்சியைத் தேடாதே, செய்ய வேண்டிய காரியத்தைச் சரியாகச் செய், உணர்ச்சி கூடவே வரும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1934-ல் பாரிஸில் அவரைச் சந்தித்த அமெரிக்க நடிகை ஸ்டெல்லா ஆட்லர் ஊர் திரும்பி இதைச் சொன்னபோது, அங்கே நடிப்புப் பயிற்சி கொடுத்துவந்த லீ ஸ்ட்ராஸ்பெர்க் ஏற்கவில்லை. ஸ்ட்ராஸ்பெர்க் பிடித்துக்கொண்ட பழைய பாடம்தான் 'மெத்தட்' என்ற பெயரில் உலகம் சுற்றி நம் ஊர்ப் பேட்டிகள் வரை வந்திருக்கிறது. ஆசானே கைவிட்ட பாடம் என்பது பல பேருக்குத் தெரியாது.

━━━━━━━━━━
உடம்பிலிருந்து தொடங்கியவர்கள்

மேயர்ஹோல்ட்: ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் நடிகராக இருந்தவர். 1920-களில் 'பயோமெக்கானிக்ஸ்' என்ற உடற்பயிற்சி முறையை உருவாக்கினார். இல்லாத வில்லில் இல்லாத அம்பைத் தொடுத்து எய்வது அதன் புகழ்பெற்ற பாடம். ஸ்டாலின் ஆட்சியில் 1940-ல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

எஃப்.எம்.அலெக்ஸாண்டர்: மேடையில் குரல் போன ஆஸ்திரேலிய நடிகர். கண்ணாடி முன் நின்று, பேசத் தொடங்கும்போதே தன் கழுத்து பின்னால் இறுகுவதைக் கண்டுபிடித்தார். தேவையற்ற இறுக்கத்தை விடுவதே அவர் பாடம்.

ஜாக் லெகாக்: உடற்கல்வி ஆசிரியர். 1956-ல் பாரிஸில் பள்ளி தொடங்கினார். முகபாவமே இல்லாத முகமூடியை மாட்டிவிட்டு உடம்பைப் பேச வைப்பார். மாணவர்கள் தாங்களே கூடிச் சொந்தமாக ஒரு காட்சியை உருவாக்கிக் காட்டுவதும் பாடத்தில் உண்டு. ஆஸ்கர் வென்ற ஜெஃப்ரி ரஷ் அவர் மாணவர்.
━━━━━━━━━━

வெளியே சித்திரவதை, உள்ளே காதல்

இந்த வழக்கில் எனக்கு முக்கியமான சாட்சி ஒரு போலந்து நடிகர். பெயர் ரிஷார்த் செஷ்லாக். 1965-ல் வ்ரோத்ஸ்வாஃப் நகரில் யெர்ஸி க்ரோட்டோவ்ஸ்கி இயக்கிய 'நிலைகுலையா இளவரசன்' நாடகத்தில் அவர்தான் இளவரசன். எதிரிகளிடம் சிக்கி, வதைபட்டுச் சாகிற பாத்திரம். இடுப்பில் ஒரு துணி, கூட ஒரு சிவப்புப் போர்வை. வேறு அலங்காரம் கிடையாது. பார்வையாளர்கள் உயரமான பலகைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து குனிந்து எட்டிப் பார்க்க வேண்டும். வியர்வை வழிய, நடுங்கி, கடைசியில் ஏதோ ஒளிவிடுகிற மாதிரி ஆகிவிடுகிற அந்த உடம்பைப் பார்த்த விமர்சகர்கள் பல வருடம் அதையே எழுதினார்கள்.

வதைபடுகிறவனை நடிக்க அவர் எந்த வலியை நினைத்திருப்பார்? 1990-ல் செஷ்லாக் இறந்த பிறகுதான் க்ரோட்டோவ்ஸ்கி அதைச் சொன்னார். வலியே இல்லை. பதின்பருவத்தில் செஷ்லாக்குக்கு வாய்த்த முதல் காதல், அந்தச் சில கணங்கள். இருவரும் மற்ற நடிகர்கள் யாரும் இல்லாமல் மாதக்கணக்கில் உட்கார்ந்து, அந்தக் கணங்களில் உடம்பு என்ன செய்தது, கை எங்கே போனது, மூச்சு எப்படி நின்றது என்று நுணுக்கமாக மீட்டெடுத்தார்கள். அந்த அசைவுகளின் மேல்தான் வசனம் ஏறியது. சுற்றியிருந்த மற்ற நடிகர்கள் வதைக்கிற காட்சியை நடிக்க, நடுவில் ஒருவர் காதலில் இருந்தார். பார்த்தவர்களுக்குத் தெரிந்தது தியாகம்.

உணர்ச்சி வேகத்தில் நாளுக்கொரு மாதிரி நடித்தாரா என்றால், அதுவும் இல்லை. ஒரு நிகழ்ச்சியில் ஊமையாகப் படம் பிடித்தார்கள். ஒலி வேறொரு காலத்து நிகழ்ச்சியில் பதிவானது. பின்னாளில் இரண்டையும் சேர்த்தபோது பொருந்திப் போயின. அத்தனை கறாரான அசைவுக் கணக்குக்குள்தான் அத்தனை சுதந்திரம் இருந்திருக்கிறது.

செறுதுருத்திக்கும் இதில் பங்கு உண்டு. க்ரோட்டோவ்ஸ்கியின் உதவியாளராக இருந்த யூஜினோ பார்பா 1963-ல் கலாமண்டலம் வந்து கதகளிப் பயிற்சிகளைக் குறித்துக்கொண்டு போனார். அவற்றில் சில, மாறிய வடிவத்தில் போலந்துப் பயிற்சிக்குள் நுழைந்தன. யோகாசனமும் நுழைந்தது. ஆனால் யோகத்தில் ஒரு சிக்கலை க்ரோட்டோவ்ஸ்கி கண்டார். நடிகர்கள் தங்களுக்குள்ளேயே அமைதியாக அடங்கிப் போனார்கள், வெளிப்பாடு செத்தது. அதனால் ஆசனங்களை அப்படியே வைத்துக்கொள்ளாமல், எதிரே இருப்பவருக்கு எதிர்வினை செய்கிற அசைவுகளாக மாற்றினார். பயிற்சி நடிகருக்குத் திறமையைச் சேர்ப்பதற்கு அல்ல, உள்ளே எழுகிற துடிப்பை மறிக்கிற தடைகளை நீக்குவதற்கு என்பது அவர் கட்சி. நம் ஊர் நடிப்பு வகுப்புகளில் காலையில் சூரிய நமஸ்காரம் போட்டுவிட்டு, உடற்பயிற்சி முடிந்தது, இனி நடிப்பு என்று மணி அடிக்கிறார்களே, அவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மூச்சில்தான் முடிச்சு

உடம்புக்கும் மனசுக்கும் நடுவில் ஆள் நடமாட்டம் உள்ள ஒரே பாலம் மூச்சு. தன்னால் நடக்கிறது, வேண்டுமென்றால் நாமும் மாற்றலாம். 1970-களில் சிலே நாட்டு நரம்பியல் ஆய்வாளர் சுசானா ப்ளாக் இதைத்தான் பிடித்தார். கோபம், பயம், சோகம், மகிழ்ச்சி, காமம், பரிவு என்ற ஆறு உணர்ச்சிகளுக்கும் தனித்தனி மூச்சுக் கதியும் உடல் நிலையும் முக அமைப்பும் இருப்பதை அளந்து பார்த்து, அதைத் திருப்பிப் போட்டார். மூச்சைச் சரியாக அமைத்தால் உணர்ச்சி எழும்.

நீங்களே சோதிக்கலாம். வாயைத் திறந்து சட்டென மூச்சை உள்ளே இழுத்து நிறுத்துங்கள். உடம்பு லேசாகப் பின்னால் சாயட்டும், கண் விரியட்டும். காரணமே இல்லாமல் வயிற்றில் ஏதோ புரளும். இப்போது தாடையை இறுக்கி, மூக்கால் வேகமாக மூச்சு விட்டு, முன்னால் சாய்ந்து பாருங்கள். வீட்டில் யாரும் எதிரே இல்லாதபோது செய்வது நல்லது.

கேரளத்தின் சமஸ்கிருத நாடகமான கூடியாட்டத்தை ஆடுகிறவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. ரசத்துக்கேற்ற மூச்சு அவர்களிடம் பரம்பரைப் பாடம். அதை இன்றைய நடிகருக்கான பயிற்சியாக மாற்றியவர்களில் முக்கியமானவர் வீணாபாணி சாவ்லா. 1981-ல் மும்பையில் 'ஆதிசக்தி' குழுவைத் தொடங்கினார். 1993-ல் புதுச்சேரிக்கு வந்தார். ஆரோவில்லுக்குப் பக்கத்துச் செம்மண்ணில் அவர் கட்டிய வளாகத்தில் களரிப்பயற்று, மிழாவு முழவின் தாளம், கண் பயிற்சி, மூச்சு எல்லாம் ஒன்றாகப் பழக்கப்பட்டன. களரியில் தாக்குதலைச் சந்திக்கிற மூச்சு எது என்று கவனித்து, அதைக் கோபக் காட்சிக்குள் கொண்டுவருவது அந்த வகைப் பாடம். 2014-ல் அவர் மறைந்தார். அவர் மாணவர்கள் வினய்குமாரும் நிம்மி ராபேலும் தொடர்கிறார்கள். இன்று மேடை நடிகர்களோடு சினிமா நடிகர்களும் பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறார்கள். இரிஞ்ஞாலக்குடாவில் ஜி.வேணு நடத்துகிற நவரசப் பயிற்சிக்கும் அப்படித்தான்.

கட்டியங்காரன் எங்கே படித்தான்?

இந்த விவாதத்துக்குப் போலந்துவரை போக வேண்டியதில்லை என்று வாசகர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. சரி, தெருக்கூத்து பார்க்கச் செய்யாறு பக்கம் புரிசைக்குப் போவோம். மரத்தில் செதுக்கிய கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கட்டிக்கொண்டு, இரவு முழுக்க அடவு போட்டுச் சுழன்று ஆடி, உச்ச ஸ்தாயியில் பாடவும் வேண்டும். ராஜா வேஷக்காரரின் கால் ஒரு தாளக் கணக்குக்குக் கட்டுப்பட்டது. பக்கத்திலேயே நிற்கிற கட்டியங்காரன், கூத்தின் கோமாளி, எதற்கும் கட்டுப்படாதவன். துரியோதனனிடம் பேசிக்கொண்டே ஊருக்கு வராத பஸ்ஸைப் பற்றி, கட்டி முடிக்காத பஞ்சாயத்துக் கட்டடத்தைப் பற்றிப் பேசுவான். எழுதி வைத்த பிரதி கிடையாது. கட்டும் கட்டவிழ்ப்பும் ஒரே ஆட்டத்தில், ஒரே களத்தில்.

உள்ளே போகிற வழியோடு வெளியே வருகிற வழியும் கூத்தில் உண்டு. பல ஊர்களில் துகிலுரிதல் அன்று, துச்சாதனன் வேஷம் கட்டியவர் சேலையில் கை வைக்கும் முன் கற்பூரம் காட்டிக் கும்பிடுவார். சாமி குத்தம் வரக்கூடாது என்பார்கள். பாவம் பாத்திரத்தோடு போகட்டும், ஆளோடு ஒட்டக் கூடாது என்ற ஏற்பாடாகவும் அதைப் பார்க்கலாம்.

புரிசை கண்ணப்ப தம்பிரானின் ஆட்டத்தைப் பார்த்து அசந்துபோனவர் எழுத்தாளர் ந.முத்துசாமி. அவர் 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறை, கூத்து அடவையும் சிலம்பத்தையும் நவீன நடிகரின் காலை நேரத்துக்குள் கொண்டுவந்தது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று அங்கிருந்து வந்த பெயர்கள் நிறைய. விஜய் சேதுபதி அங்கே கணக்காளராகச் சேர்ந்து, பயிற்சியைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் என்பது ஊரறிந்த கதை.

━━━━━━━━━━
பணம் கட்டும் முன் கேளுங்கள்

* பயிற்றுநர் யாரிடம், எத்தனை வருடம் கற்றார்? சொல்லத் தயங்கினால் யோசியுங்கள்.
* உடற்பயிற்சியும் நடிப்பும் தனித்தனி வகுப்பா, ஒன்றுக்குள் ஒன்றா?
* உணர்ச்சியிலிருந்து வெளியே வரும் வழியைச் சொல்லித் தருகிறார்களா?
* தொடுவதற்கு முன் அனுமதி கேட்கிறார்களா? 'முடியாது' என்று சொன்ன மாணவருக்கு என்ன ஆகிறது?
* மாணவர் சொந்தமாக ஒரு காட்சி செய்து காட்ட இடம் உண்டா?

டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் முழுநேரப் படிப்பு 3 ஆண்டு. லெகாக் பள்ளியில் 2 ஆண்டு. போஸ்டரோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.
━━━━━━━━━━

உடைப்பதா பயிற்சி?

விளைவுகளுக்கு வருவோம். உடம்பையும் மனசையும் திறக்கிற பயிற்சி தவறான கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் நாம் போதுமான அளவு பேசவில்லை.

'உன் ஈகோவை உடைக்கிறேன்' என்று ஆரம்பிக்கிற பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அழுகை வரவில்லை என்று பெண்ணின் குடும்பத்தைப் பற்றிக் கேவலமாகப் பேசுவது, பையனை எல்லோர் முன்னாலும் அறைவது, பிறகு 'பார், வந்துவிட்டதே' என்று பெருமைப்படுவது. வந்தது நடிப்பு இல்லை, அவமானம். மறுநாள் அதே காட்சியை அந்தப் பயிற்றுநர் இல்லாமல் செய்யச் சொன்னால் வராது. இரண்டாவது டேக்கில் வராத ஒன்றைத் தொழில் என்று எப்படிச் சொல்வது? சுசானா ப்ளாக்கின் முறையில் ஒவ்வொரு உணர்ச்சிக்குப் பிறகும் இறங்கி வருகிற படி கட்டாயம்: நிதானமான சில மூச்சு, முகத்தைக் கையால் தடவிக்கொள்ளுதல், நிலையை மாற்றி நிற்றல். அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல் இரவு பத்து மணிக்கு ஒரு பெண்ணை அழுத கண்ணோடு ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்புகிற வகுப்புகள் சென்னையில் உண்டு.

உடம்புக் காயம் அடுத்தது. சிறு வயதிலிருந்து பழகிய களரிக்காரரின் குதிப்பை, முப்பது வயதில் ஐ.டி. வேலையிலிருந்து வந்தவர் ஐந்தாம் நாளே செய்ய முயன்றால் முழங்கால் போகும். பாதம், இடுப்பு, முதுகெலும்பு என்று அடியிலிருந்து கட்ட வேண்டியதை, விளம்பர வீடியோவுக்கு அழகாக இருக்கிறதே என்று உச்சியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

எனக்கு ரொம்ப உறுத்துவது மூன்றாவது. பயிற்சி உடம்பு மட்டும் வந்து, சொந்தமாக ஒன்றை யோசிக்கிற பழக்கம் வராமல் போவது. ஆடிஷன்களில் இவர்களைப் பார்க்கலாம். நிற்கிற நிலை அழகு, குரல் கணீர், கண் பேசுகிறது. 'பஸ்ஸுக்குக் காத்திருக்கிறீர்கள், பர்ஸ் தொலைந்துவிட்டது' என்றால் பத்துப் பேரும் ஒரே மாதிரி சட்டைப் பையைத் தட்டுவார்கள். அந்தப் பர்ஸில் என்ன இருந்தது, யார் போட்டோ, எவ்வளவு சில்லறை என்று ஒருவர்கூட யோசித்திருக்க மாட்டார். யோசித்தவரின் கை பையைத் தட்டாது. முதலில் அப்படியே நின்றுவிடும். கூத்துப்பயிற்சியில் அடவை எடுத்துக்கொண்டு கட்டியங்காரனை விட்டுவிட்டு வந்ததன் விளைவு இது.

யார் கணக்கில் எழுதுவது?

ஒரு நடிகர் தயாராக வருடங்கள் வேண்டும். அந்த வருடங்களுக்குச் சாப்பாடு யார் போடுவது? கூத்துப்பட்டறை ஒரு காலத்தில் முழுநேர நடிகர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் நிதி அதற்குக் கை கொடுத்தது. வெளி நிதி நின்றால் சம்பளம் நிற்கும். நடிகர்கள் சினிமாவுக்குப் போவார்கள், போனார்கள். அதில் தப்பில்லை. அங்கே வளர்ந்தவர்களை எடுத்துக்கொண்ட சினிமா, வளர்த்த இடத்துக்கு என்ன கொடுத்தது என்பதுதான் கேள்வி. புரிசை மாதிரி ஊர்களிலிருந்து அடவு சொல்லிக்கொடுக்க அழைக்கப்படுகிற கூத்துக் கலைஞருக்குப் போக்குவரத்துச் செலவும் பொன்னாடையும் கிடைக்கிறது. அதே அடவை இரண்டு கை மாறி வாங்கியவர் நகரத்தில் வாரக் கடைசி வகுப்பு நடத்திக் கட்டணம் வாங்குகிறார்.

படத் தலைப்பில் சண்டைப் பயிற்சியாளருக்கும் நடன இயக்குநருக்கும் தனி அட்டை உண்டு. நடிப்புப் பயிற்சி கொடுத்தவர் பெயர் வந்தால், பெரும்பாலும் தியேட்டர் காலியான பிறகு ஓடுகிற பட்டியலில் வரும். புதுமுகங்களை ஒரு மாதம் ஒர்க்‌ஷாப்புக்கு வரச்சொல்லிவிட்டு, 'கத்துக்கத்தானே வர்றீங்க தம்பி' என்று அதற்குச் சம்பளம் தராமல் விடுவதும் நடக்கிறது. சண்டைக்காட்சி ஒத்திகைக்கு வருகிற ஸ்டன்ட் கலைஞருக்குப் பின்னால் சங்கம் நிற்கிறது. ஒர்க்‌ஷாப் நாளும் கால்ஷீட் நாள்தான் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கத் தயாரிப்பாளர்களும் நடிகர் சங்கமும் உட்கார்ந்து பேசினால் போதும். முதல் கட்டமாகப் புதுமுகங்களுக்கும் துணை நடிகர்களுக்கும் அதை எழுதலாம், ஹீரோக்களுக்கு அவசரமில்லை.